மானியமும் இடைப்பட்ட கைகளும்

சர்க்கார் ஏழைகளுக்கென்று செலவிடும் ஒவ்வொரு ரூபாயிலும் 15 காசுதான் அவர்களிடம் போய்ச் சேருகிறது என்று, 1985ஆம் ஆண்டில் ஒரிஸாவின் காளஹந்திப் பிரதேசத்தைப் பார்வையிடச் சென்ற பிரதமர் ராஜீவ் காந்தி சொன்ன வாக்கியம், இந்த நாற்பது ஆண்டுகளில் நம் தேசத்தின் பொதுவாழ்வில் பிரமாண வாக்கியம் என்ற அந்தஸ்தை அடைந்துவிட்டது. மேடைப் பிரசங்கங்களில் அது எடுத்தாளப்படுகிறது. பத்திரிகைத் தலையங்கங்களில் இடம்பெறுகிறது. ஆதார் எண்ணை வருமான வரிக் கணக்கு எண்ணோடு இணைப்பது பற்றி 2017ல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பிலும் அது மேற்கோளாக ஏறியிருக்கிறது. படித்தவர்களும் அதிகாரிகளும் கட்சி பேதமின்றி அரசியல்வாதிகளும் இன்று ஏற்றுக்கொண்டிருக்கிற சித்தாந்தம் அந்த வாக்கியத்தை அஸ்திவாரமாகக் கொண்டு எழுந்ததே. கொடுக்கும் சர்க்காருக்கும் வாங்கும் பிரஜைக்கும் நடுவே நிற்கிற கைகளே களவுக்குக் காரணம். ஆகையால் அக்கைகளை ஒவ்வொன்றாக விலக்கிவிட்டு, பணத்தை நேரே வங்கிக் கணக்கில் வரவு வைத்து, விரல் ரேகையைக் கொண்டு ஆளைச் சரிபார்த்துவிட்டால், மானியம் சிந்தாமல் சிதறாமல் உரியவரை அடைந்துவிடும் என்பது அச்சித்தாந்தத்தின் சாரம். 2013 ஜனவரி முதல் தேதி நேரடிப் பணப் பரிமாற்றத்தைத் தொடங்கியபோது மத்தியில் ஆண்டது ஒரு கட்சி; 2014 ஆகஸ்டில் ஜன்தன் கணக்குகளைத் திறந்து அதை நாடெங்கும் விரிவுபடுத்தியது வேறொரு கட்சி; எதிலும் ஒத்துப்போகாத அவ்விரு கட்சிகளும் இந்த ஒன்றில் ஒத்துப்போயின.

இந்தச் சித்தாந்தம் பிழையானது என்பது என் தீர்மானமான அபிப்பிராயம். களவு நடக்கவில்லை என்று நான் வாதிக்க வரவில்லை, நடந்தது, நடக்கிறது. ஆனால் களவைத் தடுத்தது எது, மானியத்தை உண்மையில் வீட்டுக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தது எது என்று அனுபவத்தைப் பரிசீலித்துப் பார்க்கிற எவரும், பொறுப்புள்ள மனிதக் கை ஒன்று கிட்டத்தில் இருந்த இடங்களில்தான் அது சேர்ந்திருக்கிறது என்பதையும், அந்தக் கையை அகற்றிய இடங்களில் பழைய திருட்டின் ஸ்தானத்தில் புதிய திருட்டும், அதைவிடக் கொடிதான புறக்கணிப்பும் வந்து உட்கார்ந்துகொண்டன என்பதையும் காணாமல் இருக்க முடியாது.

முதலில் அந்த 15 காசு என்ற கணக்கையே எடுத்துக்கொள்வோம். அது ஓர் ஆராய்ச்சியின் முடிவாகச் சொல்லப்பட்டதன்று. நிர்வாகத்தின் மீது மனம் கசந்த ஒரு பிரதமரின் மதிப்பீடு. மிச்சமுள்ள 85 காசும் திருடர் பைக்குப் போயிற்று என்று இன்று எல்லோரும் அதற்குப் பொருள் கொள்கிறார்கள். கிராமப் பள்ளி ஆசிரியரின் சம்பளமும், பிரசவம் பார்க்கும் கிராம சுகாதாரச் செவிலியரின் சம்பளமும், சத்துணவுக் கூடத்தில் புகையில் நின்று சாதம் வடிக்கும் சமையலரின் சொற்ப ஊதியமும், கோதுமையை ரயிலேற்றிய செலவும், கிடங்கில் காத்த செலவும் ஏழைக்கென்று ஒதுக்கப்பட்ட ரூபாயிலிருந்துதான் போகின்றன. அவற்றையெல்லாம் விரயம் என்று தள்ளிவிட்டால் ஏழையின் குழந்தைக்குப் பாடமும் மருந்தும் சோறும் எந்த வழியாகப் போய்ச் சேரும்? 1982 ஜூலை முதல் தேதி திருச்சிராப்பள்ளியை அடுத்த பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டத்தில் எந்தக் குழந்தையின் கணக்கிலும் ஒரு காசும் வரவு வைக்கப்படவில்லை. அரிசி, பருப்பு, எண்ணெய், விறகு, அமைப்பாளர், சமையலர், உதவியாளர் என்று முழுவதும் இடைப்பட்ட கைகளாலேயே ஆன திட்டம் அது. பணத்தைச் சோறாக மாற்றும் காரியத்தை அந்தக் கைகளே செய்தன.

அந்த வாக்கியத்தை ஓயாமல் மேற்கோள் காட்டுகிறவர்கள், அதைச் சொன்னவர் அதிலிருந்து என்ன முடிவுக்கு வந்தார் என்பதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். பணத்தைத் தலைநகரிலிருந்து நேரே அனுப்பிவிட வேண்டும் என்று அவர் கருதவில்லை. பஞ்சாயத்துகளுக்கு அரசியல் சாசனத்திலேயே ஸ்தானம் கொடுத்து, செலவிடும் அதிகாரத்தை ஊராரின் கண்ணுக்கெதிரே கொண்டுவந்து வைக்க வேண்டும் என்பதே அவருடைய பரிகாரம். அதற்காக 1989ல் அவர் கொண்டுவந்த 64ஆவது திருத்த மசோதா ராஜ்ய சபையில் தோற்றுப்போயிற்று. அவர் மறைந்த பிறகு 73ஆவது திருத்தமாக நிறைவேறி, 1993 ஏப்ரல் 24 முதல் அமலுக்கு வந்தது. நோய் பற்றிய அவர் வாக்கியத்தை எடுத்துக்கொண்டு, அவர் எழுதிய மருந்துக்கு நேர் எதிரான மருந்தை அவர் பெயராலேயே புகட்டுவது நியாயமாகாது.

ரேஷன் தானியத்தில் நடந்த கொள்ளையைப் பற்றி எதிர்த்தரப்பார் கேட்பார்கள்; கேட்கவேண்டியதுதான். 2005ல் திட்டக் கமிஷன் வெளியிட்ட மதிப்பாய்வு, மானிய தானியத்தில் 58 விழுக்காடு வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள குடும்பங்களைச் சேரவில்லை என்றும், ஏழைக்கு ஒரு ரூபாய் நன்மை செய்ய மத்திய சர்க்கார் 3 ரூபாய் 65 காசு செலவழிக்கிறது என்றும் சொல்லிற்று. பீகாரிலும் ஜார்க்கண்டிலும் அக்காலத்தில் நடந்தது பகற்கொள்ளை என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் அதே காலத்தில், அதே மாதிரியான வறுமையும் அதே மாதிரியான காட்டுப் பாதைகளும் கொண்ட சத்தீஸ்கர் மாநிலத்தில் நடந்ததை ஏன் யாரும் எடுத்துச் சொல்வதில்லை? 2004ல் அந்த மாநிலம் ரேஷன் கடைகளைத் தனியார் முதலாளிகளிடமிருந்து பிடுங்கிப் பஞ்சாயத்துகளிடமும், மகளிர் குழுக்களிடமும், கூட்டுறவுச் சங்கங்களிடமும் ஒப்படைத்தது. தானியத்தைக் கடை வாசலுக்கே மஞ்சள் நிற லாரிகளில் கொண்டுபோய் இறக்கியது. 2007க்குப் பிறகு அட்டைகளின் எண்ணிக்கையை வெகுவாகப் பெருக்கி, விலையைத் தாழ்த்தி, எல்லோருக்கும் மனப்பாடமாகக்கூடிய ஒரே கணக்காக ஆக்கியது. தேசிய மாதிரிக் கணக்கெடுப்பை வைத்து ஜான் திரேஸும் ரீத்திகா கேராவும் செய்த ஆராய்ச்சியின்படி, 2004-05ல் பாதியாக இருந்த கசிவு 2009-10ல் பத்தில் ஒரு பங்காக வீழ்ந்தது. முதல் ஆதார் எண் மகாராஷ்டிரத்தின் தெம்பிலி கிராமத்தில் வழங்கப்பட்டதே 2010 செப்டம்பரில்தான். ஆக, விரல் ரேகை யந்திரம் பிறப்பதற்கு முன்பே, கடையை நல்ல கைகளுக்கு மாற்றியதாலும், எல்லோருக்கும் உரிமை கொடுத்ததாலும், களவு அடங்கியிருக்கிறது. இந்த ஓர் உதாரணத்துக்கு எதிர்த்தரப்பிடம் இன்றுவரை விடை இல்லை.

தமிழ்நாட்டுக்கு இது புதிய சேதியும் அன்று. 1997 ஜூனில் மத்திய சர்க்கார் ஏழைகளைப் பொறுக்கியெடுத்து அவர்களுக்கு மட்டுமே ரேஷன் என்று ஏற்பாடு செய்தபோது, தமிழ்நாடு அதற்கு இணங்காமல் எல்லோருக்கும் பொது என்ற பழைய நெறியிலேயே நின்றது. அன்று பொருளாதார வல்லுநர்கள் பலர் இதை ஊதாரித்தனம் என்று கண்டித்தார்கள். எனினும் 2011-12ல் நாடு முழுவதற்கும் ரேஷன் கசிவு 42 விழுக்காடாக இருந்தபோது, ஊதாரி என்று பேரெடுத்த இம்மாநிலத்தில் அது சுமார் 12 விழுக்காடுதான். இதற்குக் காரணம் மறைபொருளன்று. 1972ல் ஏற்பட்ட நுகர்பொருள் வாணிபக் கழகம் சரக்கைக் கடைவரை கொண்டுவருகிறது. 34,000க்கும் மேற்பட்ட கடைகளில் பெரும்பாலானவற்றைக் கூட்டுறவுச் சங்கங்கள் நடத்துகின்றன. வாத்தியார் வீட்டுக்கும், கூலிக்காரர் வீட்டுக்கும், பஞ்சாயத்துத் தலைவர் வீட்டுக்கும் அட்டை ஒரே கடையில் இருப்பதால், அங்கே சரக்கு வராவிட்டால் குரல் எழுப்பத் தெரிந்தவர்களும் சேர்ந்தே குரல் எழுப்புகிறார்கள்.

நம் ஊர் ரேஷன் கடை வாசலில் மாதத்தின் முதல் வாரத்தில் ஒரு மணி நேரம் நின்று பார்த்தால், பொறுப்பு என்பது எப்படி இயங்குகிறது என்று கண்ணாலேயே காணலாம். வாங்காத பருப்புக்கு பில் போட்டதாகக் கைப்பேசியில் குறுஞ்செய்தி வந்திருக்கும். அந்த அம்மாள் பையும் கையுமாக நேரே கடைக்கு வந்துவிடுவாள். ‘என்ன தம்பி, நான் வாங்காத பருப்புக்கு மெசேஜ் வந்திருக்கே?’ என்று வரிசை முழுவதும் கேட்கும்படி அவள் கேட்கும்போது, விற்பனையாளர், ‘தவறிப் பதிவாயிடுச்சும்மா, அடுத்த லோடு வந்ததும் தந்துடறேன்’ என்று சொல்லித்தான் ஆகவேண்டும். சொன்னதை அடுத்த வாரம் நிறைவேற்றவும் வேண்டும். ஏனெனில் நாளையும் அவர் அதே ஜன்னலுக்குப் பின்னால் உட்கார வேண்டியவர், அவளும் அதே தெருவில் நடக்கிறவள். அந்தக் குறுஞ்செய்தியை அனுப்புவது யந்திரந்தான்; அதை நான் வரவேற்கிறேன். ஆனால் அந்தச் செய்தியை எடுத்துக்கொண்டு போய்ச் சண்டை போட எதிரே ஒரு மனிதர் இருப்பதால்தான் அதற்குப் பயன் உண்டாகிறது.

இதற்கு மாறான ஏற்பாட்டை ராஞ்சி நகரத்துக்கு அருகேயுள்ள நக்ரி வட்டாரத்தில் 2017 அக்டோபரில் பரீட்சித்துப் பார்த்தார்கள். அதுவரை கிலோ ஒரு ரூபாய்க்கு அரிசி வாங்கிக்கொண்டிருந்த குடும்பங்களின் வங்கிக் கணக்கில் கிலோவுக்கு 31 ரூபாய் 60 காசு வரவு வைக்கப்பட்டது. அவர்கள் அதை எடுத்து, தம் ஒரு ரூபாயையும் சேர்த்து, அதே ரேஷன் கடையில் கிலோ 32 ரூபாய் 60 காசுக்கு அதே அரிசியை வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது விதி. ஏட்டில் இதைப் போல் சுத்தமான ஏற்பாடு வேறில்லை. நடைமுறையிலோ, பணம் வந்ததா என்று பார்க்க வங்கிக்கு ஒரு நடை, வங்கி கொடுக்காமல் அனுப்பிவிட்டால் பணம் எடுக்கும் சேவை மையத்துக்கு ஒரு நடை, பிறகு கடைக்கு ஒரு நடை. வீட்டில் யாருடைய கணக்கில் பணம் விழுந்தது என்பதே பலருக்குத் தெரியவில்லை. கடன் வாங்கி அரிசி வாங்கிவிட்டு, மானியம் எப்போது வரும் என்று காத்திருந்தவர்கள் உண்டு. ஒரு நாள் கூலியை இழந்து வங்கி வாசலில் நிற்கிற விவசாயக் கூலிப் பெண்ணுக்கு அந்த இழப்பும் ஒரு கசிவுதான். அதை எந்தக் கணக்காளரும் கசிவு என்று எழுதிக்கொள்வதில்லை. 2018 பிப்ரவரியில் அந்த வட்டாரத்து ஜனங்கள் ராஞ்சிக்குக் கால்நடையாகவே ஊர்வலம் போய், எங்கள் ரேஷனை எங்களுக்குத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். அதே ஆண்டில் அந்தப் பரீட்சை கைவிடப்பட்டது.

நமக்கு இன்னும் நெருங்கிய அனுபவம் புதுச்சேரியினுடையது. 2015 செப்டம்பரில் சண்டிகரோடு சேர்த்து அந்தப் பிரதேசத்திலும் ரேஷன் தானியத்துக்குப் பதிலாகப் பணம் என்ற ஏற்பாடு வந்தது. அங்கே ஆராய்ச்சியாளர்கள் வீடு வீடாகச் சென்று விசாரித்தபோது, பயனாளிகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் தமக்குப் பணம் வரவில்லை என்றார்கள். சர்க்கார் ஏடுகளிலோ தோற்றுப்போன பரிமாற்றங்கள் மிகச் சொற்பம். இந்த இரண்டு கணக்குகளுக்கும் இடையேயுள்ள வித்தியாசத்தில்தான் நம் வாதம் முழுவதும் அடங்கியிருக்கிறது. கல்லணையில் எத்தனை கன அடி திறந்தோம் என்பதை மட்டும் எழுதி வைத்துக்கொண்டு, கடைமடை வயலில் ஈரம் இருக்கிறதா என்று பார்க்காத பாசன அதிகாரியைப் போல, நேரடிப் பரிமாற்ற ஏற்பாடு அனுப்பிய இடத்திலேயே தன் கணக்கை முடித்துக்கொள்கிறது. புதுச்சேரியின் ரேஷன் கடைகள் வருஷக்கணக்கில் பூட்டிக் கிடந்தன. கடை ஊழியர்கள் சம்பளமின்றிப் போராடினார்கள். கடைகளைத் திறவுங்கள் என்பது தேர்தல்தோறும் ஜனங்களின் கோரிக்கையாயிற்று. இறுதியில் 2024ல் அவை மறுபடியும் திறக்கப்பட்டன.

விரல் ரேகையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆளுக்கு ஆள் மாறுபட்டிருப்பது ரேகை என்பது விஞ்ஞானம். ஆனால் நாற்பது வருஷம் நாற்று நட்டும், செங்கல் சுமந்தும், சாணி வழித்தும் தேய்ந்துபோன விரலில் அது யந்திரத்துக்குப் புலப்படுவதில்லை என்பதும் பிரத்தியட்சம். வங்கி முகவர் உட்கார்ந்திருக்கும் மளிகைக் கடைத் திண்ணையில், முதியோர் பென்ஷனுக்காக வந்த கிழவி, முந்தானையில் விரலைத் துடைத்துத் துடைத்து வைத்துப் பார்ப்பாள். கட்டை விரல் விழாவிட்டால் சுட்டு விரல், அதுவும் விழாவிட்டால் இடது கை. ‘ரேகை விழலை பாட்டி, நாளைக்கு வாங்க’ என்று சொல்லிவிட்டு முகவர் அடுத்த ஆளைக் கூப்பிடுவார். அவர்மேல் குற்றம் இல்லை. அவளைப் பிறந்ததிலிருந்து தெரிந்தவராயிருந்தாலும், இவள் இன்னாள்தான் என்று சாட்சி சொல்லும் அதிகாரம் அவருக்குக் கொடுக்கப்படவில்லை. பழைய காலத்தில் பென்ஷன் மணியார்டரைக் கொண்டுவந்த தபால்காரர் பத்து ரூபாயைப் பிடித்துக்கொண்டார் என்பது மெய்தான், அது குற்றமுந்தான். ஆனால் அவர் திண்ணைக்கு வந்து பேர் சொல்லிக் கூப்பிட்டார், நடக்க முடியாதவளுக்குக் கட்டிலருகில் வந்து கொடுத்தார். பத்து ரூபாயைப் பிடித்தவரைத் தண்டித்திருக்க வேண்டியது. அதற்குப் பதிலாக வீட்டுக்கு வந்து கொடுக்கும் ஏற்பாட்டையே எடுத்துவிட்டார்கள்.

ரேகையால் களவாவது ஒழிந்ததா என்றால், ஜார்க்கண்டில் கார்த்திக் முரளிதரனும் அவருடைய சகாக்களும் செய்த விஸ்தாரமான ஆராய்ச்சி வேறு விதமாகச் சொல்கிறது. ரேஷன் கடையில் ரேகை கட்டாயமான பகுதிகளில், அதனால் மட்டும் கசிவு குறைந்ததாகத் தெரியவில்லை. ஆதாரை இணைக்காதிருந்த குடும்பங்களுக்குக் கிடைத்த நன்மை சுமார் 10 விழுக்காடு குறைந்தது. கடைக்காரர் எடையில் திருடுவதை ரேகை எப்படித் தடுக்கும்? ஆள் வந்தார் என்பதற்குத்தான் அது அத்தாட்சி. எவ்வளவு கொடுத்தார் என்பதற்கு அன்று. அதே மாநிலத்தில் 2017ல் ஆதாரோடு இணையாத ரேஷன் அட்டைகள் லட்சக்கணக்கில் நீக்கப்பட்டு, போலிகள் ஒழிந்தன என்று பெருமையாக அறிவிக்கப்பட்டது. அந்த ஆண்டு செப்டம்பரில் சிம்டேகா மாவட்டத்தில் பதினொரு வயதுச் சிறுமி ஒருத்தி இறந்தாள். அவள் குடும்பத்தின் அட்டையும் நீக்கப்பட்டவற்றில் ஒன்று. சர்க்கார் தரப்பு மலேரியா என்றது. பெற்ற தாய் பசி என்றாள். எந்த நோயால் என்ற விவாதம் எப்படி முடிந்தாலும், அரிசி கிடைத்துக்கொண்டிருந்த ஏழை வீட்டில் அது நிறுத்தப்பட்டது என்பது விவாதத்துக்கு அப்பாற்பட்டது. அந்த வீட்டின் அரிசியும் மாநிலத்தின் மிச்சக் கணக்கில்தான் ஏறியிருக்கும்.

மிச்சம் என்று சொல்லப்படும் தொகைகளை இப்படித்தான் நாம் நிதானித்துப் பார்க்க வேண்டும். சமையல் எரிவாயு மானியத்தை நேரடியாகக் கணக்கில் போட்டதால் பல்லாயிரம் கோடி மிச்சமாயிற்று என்று ஊரெல்லாம் முழக்கம் எழுந்தது. 2016ல் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அதை ஆராய்ந்து, மானியச் செலவு குறைந்த ஏறத்தாழ 23,300 கோடி ரூபாயில் 21,500 கோடிக்கு மேற்பட்டது உலகச் சந்தையில் எண்ணெய் விலை சரிந்ததால் வந்தது என்றும், சிலிண்டர்கள் குறைவாக வாங்கப்பட்டதால் வந்தது சுமார் 1,760 கோடிதான் என்றும் கண்டார். எண்ணெய்ச் சந்தை செய்த காரியத்துக்கு வங்கிக் கணக்கு புகழ் பெற்றது. தணிக்கையாளரின் அறிக்கை வெளிவந்த பிறகும் அந்த முழக்கம் ஓயவில்லை என்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

இனி, நேரடிப் பரிமாற்றத்தில் இடைத்தரகருக்கு இடமே இல்லை என்ற கூற்றுக்கு வருவோம். விவசாயிகளுக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாயை மூன்று தவணைகளில் கணக்கிலேயே சேர்க்கும் பி.எம். கிசான் திட்டம் 2019ல் வந்தது. அதில் கிராம நிர்வாக அதிகாரியின் கையும் குறைவு, கூட்டுறவுச் சங்கத்தின் கையும் இல்லை. அவரவரே இணையத்தில் பதிவுசெய்துகொள்ளலாம் என்றும் ஆயிற்று. 2020ல், நோய்த்தொற்றால் அலுவலகங்கள் அடைபட்டிருந்த மாதங்களில், தமிழ்நாட்டில் நடந்ததைக் கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி மாவட்டத்தார் மறந்திருக்கமாட்டார்கள். கணினி மையங்களும் தரகர்களும் வேளாண் துறையின் கடவுச்சொற்களைக் கைப்பற்றி, நிலமே இல்லாதவர்களை ஆயிரக்கணக்கில் விவசாயிகளாகப் பதிந்தார்கள். ஆதாரும் பாஸ் புத்தகமும் கொடுத்தால் கொரோனா உதவிப் பணம் வரும் என்று சொல்லி ஏமாற்றப்பட்டவர்களும் அவர்களில் பலர். மாநில வேளாண் துறையே தகுதியற்றவர்கள் சுமார் ஐந்தரை லட்சம் பேர் என்றும், தொகை சுமார் 110 கோடி ரூபாய் என்றும் கணக்குச் சொல்லிற்று. பணம் டெல்லியிலிருந்து புறப்பட்டு ஒரு கையும் படாமல் கணக்கில் விழுந்தது. விழுந்த கணக்குத்தான் தவறானது. ஊர்ச் சாவடியில் பெயர்ப் பட்டியலை ஒரு முறை உரக்க வாசித்திருந்தால், இவருக்கு ஏது நிலம் என்று முதல் நாளே நாலு பேர் கேட்டிருப்பார்கள்.

அத்திட்டத்தில் களவே நடக்காதிருந்தாலும் எனக்கு ஆட்சேபம் உண்டு. பட்டாவில் பெயர் உள்ளவருக்குத்தான் பணம். காவிரிப் படுகையில் கோயில் நிலத்தையும் மடத்து நிலத்தையும் பிறர் நிலத்தையும் குத்தகைக்கு எடுத்துச் சேற்றில் இறங்குகிறவருக்கு அதில் ஒரு காசு இல்லை; சென்னையில் குடியேறிவிட்ட நிலக்காரரின் கணக்கில் தவணை தவறாமல் விழுகிறது. நாற்று நடுகிற கூலிப் பெண்ணைப் பற்றிப் பேச்சே இல்லை. யார் பயிர் செய்கிறார் என்று ஊருக்குத் தெரியும், பதிவேட்டுக்குத் தெரியாது. ஊரைக் கேட்காமல் பதிவேட்டை மட்டும் கேட்கிற எந்த ஏற்பாடும் உள்ளவனுக்கே கொண்டுபோய்க் கொட்டும்.

நூறு நாள் வேலைத் திட்டத்தில் கூலி பட்ட பாடு தனிக் கட்டுரைக்குரியது. 2005ஆம் ஆண்டுச் சட்டம் பதினைந்து நாளுக்குள் கூலி கொடுக்கச் சொல்லிற்று. தாமதத்துக்கு நஷ்ட ஈடும் விதித்தது. 2016க்குப் பிறகு கூலியை மத்திய சர்க்காரே தொழிலாளியின் கணக்கில் நேரே போடும் முறை வந்ததும், பட்டியல் ஒன்றிய அலுவலகத்திலிருந்து மேலே போன நாளோடு கடிகாரம் நிறுத்தப்பட்டது. அதன் பின் டெல்லியில் பணம் தங்கிய நாட்கள் தாமதக் கணக்கில் சேராமலே இருந்தன. ஆதார் வழியாக வரும் தொகையோ, ஒருவருக்குப் பல கணக்குகள் இருந்தால் கடைசியாக இணைத்த கணக்கிலேயே போய் விழும். 2017ல் கைப்பேசி நிறுவனம் ஒன்று, சிம் கார்டு சரிபார்க்க வந்தவர்களின் பெயரில் அவர்கள் அறியாமலே தன் வங்கியில் கணக்குத் திறந்துவிட்டதால், லட்சக்கணக்கானவர்களின் எரிவாயு மானியம் அவர்கள் கேள்விப்பட்டிராத கணக்குகளுக்குப் போய்ச் சேர்ந்தது. அவர்களுக்குப் படிப்பும் இருந்தது, பத்திரிகைகளும் எழுதின, பணம் திரும்பிற்று. கூலிக்காரருக்கு இப்படி நேர்ந்தால் அவர் யாரிடம் போவார்? பஞ்சாயத்துச் செயலரைக் கேட்டால், ‘நாங்க ஏத்திட்டோம், பேங்க்ல கேளுங்க’ என்பார். வங்கியில் கேட்டால், ‘இங்க வரலை, ஆபீஸ்ல கேளுங்க’ என்பார்கள். இருவர் சொல்வதும் மெய்யாகவே இருக்கலாம்.

எதிர்த்தரப்பில் உள்ள நியாயத்தை மறைக்க எனக்கு விருப்பமில்லை. 2023 செப்டம்பர் 15 முதல் தமிழ்நாட்டில் ஒரு கோடிக்கு மேற்பட்ட குடும்பத் தலைவியருக்கு மாதம் 1,000 ரூபாய் வங்கியிலேயே சேர்கிறது. பணமாகவே கொடுக்கவேண்டிய உதவிக்கு வங்கி தக்க வழியே. ஆனால் முதல் தவணையிலேயே சில வங்கிகள் குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று சொல்லி அதில் கை வைத்ததும், மாநில நிதியமைச்சர் தலையிட்டுக் கண்டிக்க நேர்ந்ததும் நினைவில் இருக்கட்டும். வங்கியும் ஓர் இடைப்பட்ட கைதான். ஒன்றாயிருந்த ஆந்திரத்தில் ஸ்மார்ட் கார்டு மூலம் கூலியும் பென்ஷனும் கொடுத்தபோது கசிவு சுமார் 40 விழுக்காடு குறைந்ததாக நல்ல ஆராய்ச்சி ஒன்று காட்டியிருப்பதையும் நான் ஏற்கிறேன். அங்கே யந்திரம் ஊருக்கே வந்தது. அதை இயக்கியவர் அதே ஊரின் மகளிர் குழுப் பெண். ரேகை விழாவிட்டால் ஆளைப் பார்த்துக் கொடுக்கவும் வழி இருந்தது. யந்திரத்தோடு ஒரு கை இருந்ததால் அது ஜெயித்தது என்றே நான் அதைப் படிக்கிறேன். தமிழ்நாடு சர்க்காரும் 2025 ஆகஸ்டில், எழுபது வயது கடந்தவர்களுக்கும் மாற்றுத் திறனாளிகளுக்கும் ரேஷன் பொருள்களை வீட்டு வாசலுக்கே எடுத்துச்செல்லும் தாயுமானவர் திட்டத்தைத் தொடங்கியபோது, கையை விலக்கவில்லை. இன்னொரு கையைச் சேர்த்தது.

இவ்வளவு சாமர்த்தியமும் எதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கு என்ற கேள்வியும் இருக்கிறது. அறுபதிலிருந்து எழுபத்தொன்பது வயதுவரையுள்ள ஏழை முதியவருக்கு மத்திய சர்க்கார் தரும் பங்கு மாதம் 200 ரூபாய்; 2007 வாக்கில் நிர்ணயித்த தொகை விலைவாசி எத்தனையோ மடங்கு ஏறியும் ஏறவில்லை. மாநிலங்கள் தம் பங்கைச் சேர்த்துத்தான் அதை ஒரு பென்ஷன் என்று சொல்லும்படி செய்கின்றன. கசிவைப் பற்றி இடைவிடாமல் பேசுகிறவர்கள், மானியத்தின் மதிப்பு விலைவாசியால் ஆண்டுதோறும் கரைவதைக் கசிவாக எண்ணாதது ஏன்? ஒரு காசும் சிந்தாமல் 200 ரூபாயைக் கொண்டுபோய்க் கொடுத்தாலும் அந்தக் கிழவி மாத்திரைக்கே இன்னொருவரிடம் கையேந்த வேண்டியிருக்கிறது.

செய்யவேண்டியது என்ன என்பதில் மர்மம் ஏதும் இல்லை. ராஜஸ்தானத்தில் 1994 முதல் மஸ்தூர் கிசான் சக்தி சங்கத்தார் ஊர் நடுவில் பந்தல் போட்டு, வேலைப் பட்டியலில் உள்ள பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்து, இவர் வேலைக்கு வந்தாரா, இந்தக் கூலி இவருக்குக் கிடைத்ததா என்று ஜனங்களையே கேட்டார்கள். செத்தவர்கள் பேரிலும் கூலி எழுதியிருந்தது அப்போது வெளிப்பட்டது. 2005ன் தகவல் உரிமைச் சட்டத்துக்கு அந்தப் பந்தல்களும் ஒரு மூலம். கிராம சபைக்குச் சமூகத் தணிக்கை செய்யும் அதிகாரத்தை வேலை உறுதிச் சட்டத்தின் 17ஆவது பிரிவு கொடுத்தது. நம் ஊர்களில் ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய தேதிகளில் கிராம சபை கூடத்தான் கூடுகிறது. பெரும்பாலான ஊர்களில் தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்து வாங்குவதோடு அது கலைந்துவிடுகிறது. அந்த நாளில், அந்த ஊருக்கு வந்த ஒவ்வொரு திட்டத்தின் பயனாளிப் பட்டியலும், அதில் புதிதாக நீக்கப்பட்ட பெயர்களும் நீக்கியதற்கான காரணமும், திரும்பிப்போன கூலித் தொகைகளும், ரேகை விழாமல் திருப்பி அனுப்பப்பட்டவர்களின் கணக்கும் தமிழில் உரக்க வாசிக்கப்பட வேண்டும். விசாரணையின்றி எந்த அட்டையையும் எந்தப் பென்ஷனையும் நிறுத்தலாகாது. ரேகை விழாதவருக்கு ஊரார் இருவர் சாட்சிக் கையெழுத்திட்டால் அன்றைக்கே பணமோ பொருளோ கொடுக்கும் அதிகாரம் கடை விற்பனையாளருக்கும் வங்கி முகவருக்கும் எழுத்து மூலம் வழங்கப்பட வேண்டும்; அதைத் துர்விநியோகம் செய்கிறவர் யார் என்று அடுத்த கிராம சபையில் பெயர் சொல்லிக் கேட்க வழி இருக்கிறது. இந்த ஏற்பாடுகளுக்குப் புதிய சட்டமும் வேண்டாம், பெருந்தொகையும் வேண்டாம். மாவட்ட ஆட்சியர்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பினால், வருகிற கிராம சபைக் கூட்டத்திலேயே தொடங்கிவிடலாம்.